லீவு முதலிலா, டிக்கெட் முதலிலா?

விடியற்காலையில் கம்பம்மெட்டுச் சாலையில் மேலேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரின் பிழைப்பு விளங்கிவிடும். கம்பம், கூடலூர் பக்கத்து ஜனங்கள் காலையில் கூலிக்கு ஏறுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்குகிறார்கள். இவர்கள் போக, கருணாபுரம் பஞ்சாயத்தின் ஏலத்தோட்டங்களில் லயத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் உண்டு. நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் கடைகளிலும் ஆபீசுகளிலும் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் சம்பளம், அந்தப் பக்கம் சொந்தம் என்று வாழ்பவர்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் "இந்த வருஷமாவது எல்லோருமாக எங்கேயாவது போய் வரவேண்டும்" என்ற பேச்சு எழாத ஆண்டில்லை. சென்னையில் இருக்கும் மூத்த மகளைப் பார்க்க வேண்டும். ராமேசுவரத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும். பழனிக்கு நேர்ந்த மொட்டை பாக்கி நிற்கிறது. பேச்சு நடக்கும். பயணம் மட்டும் நடக்காது. கேட்டால் காசில்லை என்பார்கள். காசில்லாதது உண்மைதான். ஆனால் காசு இருந்த ஆண்டிலும் போகவில்லையே, அது ஏன்? பெரும்பாலும் காரணம் இதுதான்: தேதியை யாரும் முடிவு செய்யவில்லை. தேதி முடிவாகாததால் லீவு கேட்கவில்லை. லீவு நிச்சயமில்லாததால் டிக்கெட் எடுக்கவில்லை. டிக்கெட் எடுக்கப் போனபோது டிக்கெட் இல்லை.

இரண்டு மாநிலம், இரண்டு காலண்டர்

எல்லையோரக் குடும்பங்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அப்பாவும் அம்மாவும் மலைமேல் வேலையில் இருப்பார்கள். பிள்ளைகள் கீழே பாட்டி வீட்டில் தங்கித் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். அல்லது மூத்தவன் கேரளப் பள்ளியிலும் இளையவள் கம்பத்திலுமாக இருப்பார்கள். ஓணத்துக்குக் கேரளப் பள்ளிகள் பத்து நாள் மூடிக் கிடக்கும்போது கம்பத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் நாலைந்து நாள் கிடைக்கிறது. கேரளத்தில் தமிழர் மிகுந்த இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட 6 மாவட்டங்களுக்கு ஒரு நாள் உள்ளூர் விடுமுறைதான் வழக்கம். தமிழ்நாட்டின் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று பொருந்தும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம் ஒத்துவரும். அதை விட்டால் ஏப்ரல் கடைசி முதல் மே முடியும் வரை. மே மாதத்திலும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கென்று தேனிப் பக்கத்து வீடுகளில் சில நாட்கள் போய்விடும். அதைத் தவறவிடச் சம்மதிக்கும் வீடு அங்கே குறைவு. ஆக, குடும்பம் முழுவதும் சேர்ந்து வெளியூர் போகத்தக்க காலம் ஆண்டுக்குச் சில வாரங்களுக்கு மேல் தேறாது. அந்த வாரங்கள் எவை என்பது ஜூன் மாதம் பள்ளி திறந்த உடனேயே ஏறக்குறைய தெரிந்துவிடும் சங்கதி. தெரிந்தும் அடுத்த ஏப்ரல் வரை யாரும் காலண்டரைப் புரட்டுவதில்லை.

காய் எடுப்பும் தீபாவளியும்

தோட்டத்தின் காலண்டர் வேறு. ஏலக்காய் ஒரே மூச்சில் அறுத்து முடிக்கும் பயிரல்ல. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரையிலும் சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பு நடக்கும். ஒரு சுற்று முடிந்து அதே செடிக்கு மறுசுற்று வர ஏறக்குறைய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். காயைச் செடியில் பழுக்கவிட்டால் தோட்டக்காரருக்கு நஷ்டம். ஆகவே எடுப்பு மும்முரமாக இருக்கும் நாளில் போய் லீவு கேட்டால் எந்த சூப்பர்வைசரும் முகம் கொடுக்கமாட்டார். தீபாவளியோ அந்த மும்முரத்தின் நடுவில்தான் வருகிறது.

இங்கேதான் முன்கூட்டி ஏற்பாடு செய்வதன் அருமை தெரியும். "அடுத்த வாரம் ஊருக்குப் போகணும், ஐந்து நாள் லீவு வேணும்" என்று வந்து நிற்பவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்று. "தீபாவளிக்கு இந்தத் தேதியில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அதற்கு முந்தைய சுற்றிலும் பிந்தைய சுற்றிலும் ஒரு நாள்கூடத் தப்பாமல் வருகிறேன்" என்று இரண்டு மாதம் முன்பே சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. கையில் இருக்கும் டிக்கெட் ஒரு சாட்சி. ஆள் போவது நிச்சயம் என்று தெரிந்தால் மேற்பார்வையாளரும் மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்துகொள்வார். முதலில் கேட்டவருக்கு முதல் உரிமை என்பது எழுதாத சட்டம். பத்துப் பேர் ஒரே தேதிக்கு லீவு கேட்டால் கடைசியில் கேட்டவர்தான் தோட்டத்தில் நிற்கவேண்டி வரும்.

எழுதிய சட்டமும் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு லீவு என்று வைத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 20க்கு 1 கணக்குத்தான்; ஆண்டில் 180 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலை பார்ப்பவர் தம் கணக்கில் எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அன்றாடம் ஜீப்பில் ஏறி இறங்கும் கூலிக்காரருக்கு இந்தச் சட்டமெல்லாம் ஏட்டோடு சரி. அவருக்கு லீவு என்றால் கூலி இல்லாத நாள். ஆகவே அவருடைய பயணச் செலவில் டிக்கெட், சாப்பாடு இவற்றோடு இழக்கும் கூலியையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காமல் பஸ் நிலையத்தில் ஒரு நாள் கிடந்தால் அந்த நாளின் கூலியும் போகிறது. குமாஸ்தாவுக்கு அது சலிப்பு. கூலிக்காரருக்கு அது பண நஷ்டம்.

அறுபது நாள் கணக்கு

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மேற்கே போனால் கோட்டயம். கிழக்கே இறங்கினால் தேனி, போடி. 1928இல் திறக்கப்பட்ட மதுரை – போடி பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கு ரயில் சத்தமே கேட்காமல் இருந்தது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15இல் போடி வரையிலும் ரயில் மறுபடி வந்தது. அன்றே சென்னை சென்ட்ரல் – போடிநாயக்கனூர் இரவு வண்டியும் வாரத்தில் 3 நாள் என்று தொடங்கியது. கம்பம்மெட்டுக்காரருக்கு இது பெரிய சௌகரியம். கம்பத்திலிருந்து நேர் பஸ்ஸில் தேனிக்கு வந்து ஏறலாம், போடிவரை போகவேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே ஏறுமிடம் தேனி என்று குறித்துவிட்டால் போதும்.

தினம் ஓடாத வண்டிக்குத் தேதி முக்கியம். லீவு வெள்ளியன்று தொடங்கி வண்டி ஞாயிறன்று என்றால் இரண்டு நாள் வீண். ஆகவே லீவுக்கு ஏற்ற வண்டியைத் தேடாமல், வண்டிக்கு ஏற்ற லீவைக் கேட்பது புத்திசாலித்தனம்.

ரயிலில் எத்தனை நாள் முன்பு இடம் பதியலாம் என்பதில் இன்னும் பலர் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் முதல் இது 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. பயணம் செய்யும் நாளை அந்த 60இல் சேர்க்கக்கூடாது. நாலு மாதம் முன்பே போய் நின்றாலும் பயனில்லை; 60ஆம் நாள் காலை 8 மணியைத் தவறவிட்டாலும் பயனில்லை. பண்டிகை வண்டிகளில் தொடங்கிய சில நிமிடங்களில் இடம் தீர்ந்துபோவதைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன.

கையில் பணம் எப்போது வரும் என்பதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கேரளத் தோட்டங்களில் போனஸ் பெரும்பாலும் ஓணத்தை ஒட்டி வருகிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி, அக்டோபர் 17இல் கிளம்ப நினைத்தவர் ஆகஸ்ட் 18 அன்று இடம் பதிந்திருக்க வேண்டும். திருவோணமோ செப்டம்பர் 5! போனஸ் வரட்டும், டிக்கெட் எடுக்கலாம் என்று காத்திருந்தவர் கதை என்னவாகியிருக்கும்? 2026இல் கணக்கு நேர்மாறு. திருவோணம் ஆகஸ்ட் 26. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. நவம்பர் 6, வெள்ளிக்கிழமை கிளம்பும் வண்டிக்கு முன்பதிவு நாள் செப்டம்பர் 7. ஓணம் கழிந்து பன்னிரண்டாம் நாள். ஒரு ஆண்டு போனஸ் முந்தும். ஒரு ஆண்டு ரயில்வே முந்தும். ரயில்வே முந்தும் ஆண்டில் டிக்கெட் பணத்தைச் சித்திரை, வைகாசியிலிருந்தே சிறுகச் சிறுக ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாயிரம் ரூபாய் டிக்கெட் என்றால், நாளைக்கு இருபது ரூபாய் வீதம் நூறு நாள். ஒரே நாளில் இரண்டாயிரம் கடன் வாங்கி வட்டி கட்டுவதைவிட இது மேல்.

இணையத்தில் பதிவு செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 2025 அக்டோபர் 1 முதல், முன்பதிவு தொடங்கும் முதல் 15 நிமிடத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி என்று ரயில்வே விதித்தது. பின்னர் அந்த நேரத்தை நீட்டித்தது. கணக்குத் தொடங்குவது, ஆதார் இணைப்பது எல்லாவற்றையும் முன்பதிவு நாளன்று காலையில் உட்கார்ந்து செய்ய முடியாது. ஒரு வாரம் முன்பே முடித்து வைக்கவேண்டும். கவுண்ட்டரில் எடுக்க விரும்புகிறவர்களுக்கு ரயில் நிலையங்களும், முன்பதிவு வசதியுள்ள தபால் நிலையங்களும் இருக்கின்றன. மலைக்குமேல் போன் சிக்னல் மேகத்தோடு வந்து மேகத்தோடு போகும் இடங்களில், கீழே கம்பத்தில் இருக்கும் மைத்துனரிடம் பொறுப்பைக் கொடுப்பதும் ஒரு வழி. பெயர், வயதை மட்டும் ஆதாரில் உள்ளபடி எழுதிக் கொடுக்கவேண்டும்.

பாட்டிக்குக் கீழ்ப் படுக்கை

குடும்பமாகப் போகும்போது எல்லோருக்கும் ஒரே டிக்கெட் எடுப்பதுதான் வழக்கம். ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை போடலாம். ஆனால் தாத்தா, பாட்டி கூட வந்தால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று ரயிலில் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். தாத்தா பாட்டியை மட்டும் தனி டிக்கெட்டாக எடுத்தால் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். பேரப்பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேராக எடுத்தால் பாட்டி மேல் படுக்கைக்கு ஏணி ஏறவேண்டி வரலாம். இது இடம் இருக்கும்போதுதான் நடக்கும். ஒதுக்கீடும் முதலில் வந்தவருக்கே.

மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. 5 முதல் 12க்குட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி.

"தட்கல் இருக்கிறதே!"

பலர் நம்புவது இதைத்தான். கிளம்புவதற்கு முதல் நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் தட்கல் தொடங்குகிறது. கட்டணம் கூடுதல், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. 2025 ஜூலை முதல் இதற்கும் ஆதார் சரிபார்ப்பு வேண்டும். பண்டிகை நாளில் ஐந்து பேருக்கு ஒன்றாகத் தட்கல் கிடைப்பது லாட்டரிச் சீட்டு விழுவதைப் போல. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏறி சமாளித்த காலமும் போய்விட்டது. 2025 மே 1 முதல் அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள்.

மிஞ்சுவது தனியார் பஸ். சாதாரண நாளில் நியாயமான கட்டணம் வாங்கும் வண்டிகள் பண்டிகையில் எவ்வளவு கேட்கின்றன என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐந்து பேர் குடும்பம் ஒரு வழிக்குக் கொடுக்கும் அந்தப் பணத்தில், முன்கூட்டிப் பதிந்தவர்கள் போய்த் திரும்பியே வந்துவிடுவார்கள்.

போகுமிடத்தையும் கேட்டுவிடுங்கள்

டிக்கெட் எடுத்தவுடன் எல்லாம் ஆயிற்று என்று இருந்துவிடக்கூடாது. போகிற இடம் திறந்திருக்குமா? மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். பழனி ரோப்கார் ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிற்கும். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப்போகும் மகன் அதை முன்பே விசாரிக்கவேண்டும். சுருளி அருவியில் தண்ணீர் அதிகமானால் வனத்துறை குளிக்க விடாது. ராமேசுவரத்துக்கோ 2022 டிசம்பர் கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும் வரை மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தவர்கள் எத்தனையோ பேர்.

கொடைக்கானலுக்குச் சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போவதானால் இ-பாஸ் வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7இல் வந்த ஏற்பாடு. 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏழைக்கு இப்படி ஒரு லாபம்!

தங்குமிடத்துக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பெரிய கோயில்களின் தேவஸ்தான விடுதிகளில் இந்து சமய அறநிலையத்துறை மூலம் முன்பதிவு செய்யலாம். வாடகை மலிவு, ஆகவே சீக்கிரம் தீரும். யாரோ போனில் பேசி, அறை போட்டுத் தருகிறேன், முன்பணம் அனுப்பு என்றால் அனுப்பாதிருப்பது நலம்.

ஆள் மாறினால் என்ன செய்வது?

இரண்டு மாதம் முன்பே எடுத்து, கடைசியில் போகமுடியாமல் போனால்? முன்கூட்டி எடுக்கத் தயங்குவோர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பயண நாளுக்கு வெகு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ஆகவே லீவு இல்லை என்று உறுதியாகத் தெரிந்த அன்றைக்கே ரத்து செய்துவிடவேண்டும். இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. உறுதியான டிக்கெட்டை நெருங்கிய குடும்பத்தாருக்கு, அதாவது தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மாற்றித் தரலாம். வண்டி கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே, டிக்கெட்டோடும் உறவுக்கான அத்தாட்சியோடும் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு முறைதான் மாற்றுவார்கள். வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் லீவு மறுக்கப்பட்டால், அவருடைய இடத்தில் அவர் தம்பி துணைக்குப் போகலாம். மனைவி மக்களின் பயணம் தடைப்படவேண்டியதில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.டி.சி. எனும் பயணச் சலுகையின் நான்காண்டுக் கட்டம் 2026 முதல் 2029 வரை. கிளம்புமுன் லீவு அனுமதியும் ஆபீசுக்குத் தகவலும் கொடுத்திருந்தால்தான் பிறகு பில் பாஸாகும்.

மலை இறங்குவது தனிப் பயணம்

தேனியில் வண்டி காத்திருந்தாலும், கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்குவது ஒரு தனிப் பயணம். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் பாதை நிற்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போதும், 2020இல் கொரோனாவின்போதும் எல்லைப் பாதைகள் அடைபட்டதை அங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவை எப்போதோ நடப்பவை. ஆண்டுதோறும் தவறாமல் நடப்பது ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழி சபரிமலைக் காலத்தில் நெரிசல் மிகும்போது, ஐயப்ப பக்தர்களின் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்பி, குமுளி வழியாகத் திரும்பவிடுவது போலீசாரின் வழக்கம். கிறிஸ்துமஸ் லீவுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அந்த வெள்ளத்துக்கு எதிராக இறங்கவேண்டும். அன்றைக்கு எந்தப் பாதை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று முதல் நாளே செக்போஸ்ட்டில் விசாரித்துவிட்டு, இரவு வண்டியானாலும் மதியச் சாப்பாட்டுக்கே கம்பம் வந்து சேர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. பாட்டி வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மாலை பஸ்ஸில் தேனிக்குப் போக நேரம் சரியாக இருக்கும்.